ஆணி அடிக்காமல் படம் மாட்டலாம்!

எந்த வீட்டு மேஜை டிராயரை இழுத்துப் பார்த்தாலும் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் கிடக்கும். ஸ்கிரீனில் ஒரு கீறல், பின்மூடியில் பிள்ளைகள் ஒட்டிய ஸ்டிக்கர். தூக்கிப் போட மனசு வராது. சிலர் அதை வாசல் கேமராவாக மாற்றுவார்கள். சிலர் பூஜையறையில் பாட்டுப் பெட்டியாக வைப்பார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இப்படி வேலைக்கு அமர்த்தப்பட்ட போன் ராத்திரி பகலாக சார்ஜரிலேயே தொங்கும். லித்தியம் அயான் பேட்டரிக்கு நிறைந்த வயிறும் சூடும் சேர்ந்தால் ஆகவே ஆகாது. 100 சதவிகிதத்திலேயே மாதக்கணக்கில் நிற்கும் பேட்டரி சீக்கிரம் கிழடு தட்டிவிடும். சில சமயம் உள்ளே வாயு சேர்ந்து உப்பி, பின்மூடியை நெம்பிக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். உப்பிய பேட்டரி வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல.

புது போன்களுக்கு இந்தக் கவலை குறைவு. 2023-ல் வந்த ஐபோன் 15-ல் 80 சதவிகிதத்தோடு சார்ஜ் நின்றுவிடும்படி வைத்துக்கொள்ளும் வசதி வந்தது. ஆண்ட்ராய்டிலும் பல கம்பெனிகள் இப்போது அதைத் தருகின்றன. டிராயரில் கிடக்கும் போனுக்கு மட்டும் யாரும் தரப்போவதில்லை. அதற்கு அப்டேட் நின்று பல வருஷம் ஆகியிருக்கும். கம்பெனியைப் பொறுத்தவரை அது முடித்துவைத்த கணக்கு.

இத்தனைக்கும் அந்த வேலைக்குத் தேவை ஏழெட்டு வரிகள்தான்.

ஸ்கிரிப்ட் என்றால் சினிமாவில் கதை வசனம் எழுதி வைப்பது மாதிரிதான். கம்ப்யூட்டர் வரிசையாகச் செய்யவேண்டிய வேலைகளை ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைப்பது. ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ். லினக்ஸுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. உள்ளே இருக்கும் கருவிகளைக்கூட ஃபைல்களாகவே காட்டும். சிஸ் என்ற ஃபோல்டருக்குள் இறங்கி, கிளாஸ், பவர் சப்ளை, பேட்டரி என்று படிப்படியாகப் போனால் 'கெப்பாசிட்டி' என்று ஒரு ஃபைல் இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு எண். 63 என்றிருந்தால், பேட்டரி 63 சதவிகிதம். அதே ஃபோல்டரில் சார்ஜை நிறுத்தும் சுவிட்சும் ஒரு ஃபைலாகவே இருக்கும். அதில் 0 என்றோ 1 என்றோ எழுதினால் சார்ஜ் நிற்கும், ஓடும்.

ஆகவே ஸ்கிரிப்ட் செய்யவேண்டியது இவ்வளவுதான்: நிமிஷத்துக்கு ஒருமுறை எண்ணைப் பார். 80-ஐத் தொட்டால் சுவிட்சை அணை. 70-க்கு இறங்கினால் மறுபடி போடு. இரண்டு எல்லை எதற்கு என்று கேட்கலாம். 80 என்ற ஒரே எல்லையை வைத்தால், 79-க்கு இறங்கியதும் சார்ஜ் ஓடும், 80-ல் நிற்கும், மறுபடி ஓடும். ராத்திரி முழுக்க இந்தக் கண்ணாமூச்சியே நடக்கும். தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கு மேல் மிதவை, கீழ் மிதவை என இரண்டு வைப்பதில்லையா, அதே கணக்கு.

ஒரு எச்சரிக்கை. அந்த சுவிட்ச் ஃபைலின் பெயர் எல்லா போனிலும் ஒன்றல்ல. ஒரு மாடலில் 'சார்ஜிங் எனேபிள்டு' என்றிருக்கும். அங்கே 0 போட்டால் சார்ஜ் நிற்கும். இன்னொன்றில் 'இன்புட் சஸ்பெண்ட்'. அங்கே நிற்க 1 போட வேண்டும். ஒன்றுக்கொன்று நேர் எதிர். பெயரையும் பார்க்க வேண்டும், அதன் அர்த்தத்தையும் பார்க்க வேண்டும்.

ஹவுஸ் ஓனர் யார்?

இவ்வளவு எளிது என்றால் பிளே ஸ்டோரில் இருந்து ஒரு ஆப் இறக்கினால் போதாதா? போதாது. சாதாரண ஆப்பால் அந்த சுவிட்சைத் தொட முடியாது. ஆண்ட்ராய்டில் ஒவ்வோர் ஆப்பும் தனித்தனிப் போர்ஷனில் குடியிருக்கும் வாடகைக்காரர். தன் அறைக்குள் எது வேண்டுமானாலும் செய்யலாம். பக்கத்து அறைக்குள் எட்டிப்பார்க்க முடியாது, மெயின் ஸ்விட்ச் போர்டில் கை வைக்க முடியாது. இது குறை அல்ல, பாதுகாப்பு. ஒரு விளையாட்டு ஆப் வங்கி ஆப்பின் உள்ளே நுழைய முடியாமல் இருப்பது இந்தச் சுவரால்தான்.

எல்லா அறைச் சாவியும் வைத்திருப்பவருக்கு லினக்ஸில் 'ரூட்' என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், காசு கொடுத்து போன் வாங்கியவருக்கு அந்தச் சாவி தரப்படுவதில்லை. அவரும் ஒரு வகையில் வாடகைக்காரர்தான். நல்ல எண்ணத்தோடுதான் இந்த ஏற்பாடு. ஆனாலும் தன் வீட்டு மெயின் ஸ்விட்சைத் தொட தனக்கே அனுமதி இல்லை என்பது சிலருக்கு உறுத்தத்தான் செய்யும்.

அந்த உறுத்தல் ஆண்ட்ராய்டு பிறந்த நாளிலிருந்தே உண்டு. 2008-ல் வெளிவந்த முதல் ஆண்ட்ராய்டு போன் ஜி1. இழுத்தால் வெளியே வரும் கீபோர்டு அதற்கு. ஆரம்ப மென்பொருளில் ஒரு விசித்திரமான ஓட்டை இருந்தது. கீபோர்டில் எதைத் தட்டினாலும் அது மெசேஜில் விழுவதோடு, பின்னணியில் ரூட் அதிகாரத்தோடு ஓடிக்கொண்டிருந்த கட்டளைத் திரைக்கும் போய்ச் சேர்ந்தது. யாருக்காவது மெசேஜ் எழுதும்போது புது வரியில் 'ரீபூட்' என்று தட்டி என்டர் அழுத்தினால், போன் நிஜமாகவே அணைந்து எழுந்தது! கூகுள் அவசர அவசரமாக அப்டேட் அனுப்பி அடைத்தது. அதற்குள் ரூட் சாவி பலர் கைக்குப் போய்விட்டது.

அடுத்த சில வருஷங்கள் ரூட் செய்வது என்றால் சுவரில் ஆணி அடிப்பதாகவே இருந்தது. சிஸ்டம் என்ற பகுதிக்குள் புகுந்து ஃபைல்களை மாற்றுவார்கள், புதிதாகச் சேர்ப்பார்கள். வேலை நடக்கும். பிறகு கம்பெனியிடமிருந்து அப்டேட் வரும். ஆண்ட்ராய்டு 5 காலத்திலிருந்து அப்டேட்கள் சிஸ்டம் பகுதியை மொத்தமாகச் சரிபார்க்கத் தொடங்கின. ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தாலும் 'இது நான் கட்டிய வீடு இல்லை' என்று திரும்பிப் போய்விடும்.

2016-ல் தைவானைச் சேர்ந்த ஜான் வூ ஒரு மாற்று வழியைக் கொண்டுவந்தார். பெயர் மேஜிஸ்க். மேஜிக், மாஸ்க் இரண்டையும் சேர்த்து வைத்த பெயர். சிஸ்டம் பகுதியை அது தொடவே தொடாது. மாற்றவேண்டிய ஃபைல்களை வேறோர் இடத்தில் வைத்துக்கொண்டு, போன் எழுந்திருக்கும்போது பழைய ஃபைலின் மேல் புதியதை ஒரு திரை மாதிரி போர்த்திவிடும். பார்க்கிற ஆப்களுக்குப் புதியதுதான் தெரியும். திரையை எடுத்துவிட்டால் சுவர் பழையபடி பளிச்சென்று இருக்கும். ஆணி அடிக்காமல் படம் மாட்டும் வித்தை. உண்மையைச் சொன்னால் ஒரே ஓர் ஆணி உண்டு. போன் கண் விழிக்கும்போது முதலில் ஓடும் 'பூட் இமேஜ்' என்ற சின்னப் பகுதியை மட்டும் மேஜிஸ்க் திருத்தும். ஹவுஸ் ஓனர் கண்டுபிடிப்பது அந்த ஓர் ஆணியைத்தான். அந்தக் கதை பின்னால் வருகிறது.

இந்த மேஜிஸ்க்கில் ஏற்றக்கூடிய பொட்டலத்துக்குத்தான் மாட்யூல் என்று பெயர். நாம் எழுதிய ஏழெட்டு வரி ஸ்கிரிப்டை மாட்யூலாகக் கட்டிவிட்டால், ஒவ்வொரு முறையும் கட்டளை தட்ட வேண்டாம். ஆப் மாதிரியே ஏற்றலாம், ஒரு பட்டனைத் தள்ளி நிறுத்தி வைக்கலாம், பிடிக்காவிட்டால் நீக்கலாம்.

மூட்டை கட்டும் வேலை

ஒரு காலி ஃபோல்டர் போதும். அதில் முதல் ஃபைல், 'மாட்யூல் டாட் ப்ராப்'. மாட்யூலின் ஆதார் அட்டை என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு வரிகள்: ஐடி, பெயர், வெர்ஷன், வெர்ஷன் கோடு, எழுதியவர், விளக்கம். ஐடி ஆங்கில எழுத்தில்தான் தொடங்க வேண்டும், நடுவில் இடைவெளி கூடாது. ஒருமுறை வைத்த ஐடியைப் பிறகு மாற்றக் கூடாது. மாற்றினால் மேஜிஸ்க் அதை வேறொரு மாட்யூலாக எடுத்துக்கொண்டு, பழையதையும் புதியதையும் சேர்த்தே ஓட்டும். ஒரே சுவிட்சை இரண்டு பேர் மாற்றி மாற்றித் தட்டினால் என்ன ஆகும்? வெர்ஷன் கோடு முழு எண்ணாக இருக்க வேண்டும். எது புதியது என்று அதை வைத்துத்தான் ஒப்பிடும். பெயரும் விளக்கமும் ஒரே வரியாக எது வேண்டுமானாலும் இருக்கலாம். அங்கே தமிழிலேயே எழுதலாம்.

இரண்டாவது, ஸ்கிரிப்ட். அதற்கு எந்தப் பெயர் வைக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மேஜிஸ்க் இரண்டு கட்டங்களில் ஸ்கிரிப்டுகளை ஓட்டும். 'போஸ்ட் எஃப்எஸ் டேட்டா' என்று பெயர் வைத்தால், போன் எழுந்திருக்கும் பாதையிலேயே அது ஓடும். அது முடியும்வரை போன் காத்திருக்கும். இப்போதைய விதிப்படி 40 விநாடிவரை. 'சர்வீஸ்' என்று பெயர் வைத்தால் போன் தன்பாட்டுக்கு எழுந்திருக்கும், ஸ்கிரிப்ட் பக்கவாட்டில் தன்பாட்டுக்கு ஓடும். நம் ஸ்கிரிப்ட் முடிவே இல்லாமல் நிமிஷத்துக்கு ஒருமுறை சுற்றிக்கொண்டிருக்கும் ரகம். அதை முதல் பெயரில் வைத்தால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் போன் வாசலிலேயே நின்று முழிக்கும். ஆகவே 'சர்வீஸ் டாட் எஸ்எச்'. மேஜிஸ்க்கின் கையேடும் பெரும்பாலான ஸ்கிரிப்டுகளுக்கு இதைத்தான் சிபாரிசு செய்கிறது.

மூன்றாவது, ஒரு சம்பிரதாயம். மெட்டா-இன்ஃப் என்ற ஃபோல்டர், அதனுள் காம், கூகுள், ஆண்ட்ராய்டு என்று ஒன்றுக்குள் ஒன்றாக ஃபோல்டர்கள். கடைசியில் 'அப்டேட் பைனரி', 'அப்டேட்டர் ஸ்கிரிப்ட்' என இரண்டு ஃபைல்கள். முதலாவதை மேஜிஸ்க் தரும் மாதிரியிலிருந்து அப்படியே எடுத்துப் போட வேண்டும். இரண்டாவதில் ஒரு ஹேஷ் குறியும் மேஜிஸ்க் என்ற சொல்லும் மட்டும் இருக்கும். ரெகவரி என்ற பழைய ஏற்றும் முறையிலிருந்து வந்த வழக்கம் இது. எதற்கு என்று ஆராயாமல் செய்துவிட்டுப் போகலாம்.

இப்போது எல்லாவற்றையும் ஜிப் செய்ய வேண்டியதுதான். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பலர் வெளியிலிருந்து ஃபோல்டரையே அழுத்தி 'ஜிப் செய்' என்று கொடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் ஜிப்பைத் திறந்ததும் முதலில் ஒரு ஃபோல்டர் வரும், அதற்குள்தான் ஆதார் அட்டை இருக்கும். மேஜிஸ்க் அவ்வளவு தூரம் தேடாது. 'இது மாட்யூலே இல்லை' என்று கைவிரித்துவிடும். ஃபோல்டருக்குள் போய், உள்ளே இருப்பவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஜிப் செய்ய வேண்டும்.

இன்னொரு பள்ளம் கண்ணுக்கே தெரியாது. விண்டோஸ் நோட்பேடில் எழுதினால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு மறைவான எழுத்துகள் விழும். லினக்ஸுக்கு ஒன்றுதான் வேண்டும். மிச்சமிருக்கும் ஒன்று ஒவ்வொரு கட்டளையின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும். பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஓட மட்டும் ஓடாது. ராத்திரி 2 மணிவரை முட்டி மோதிவிட்டு, காலையில் யாரோ 'வரி முடிவைப் பார்த்தியா?' என்று கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டவர்கள் ஏராளம். வரி முடிவை யூனிக்ஸ் முறைக்கு மாற்றும் எடிட்டர் எதையாவது பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

விருப்பப்பட்டால் சேர்க்கவேண்டிய ஒன்று, 'கஸ்டமைஸ்' ஸ்கிரிப்ட். அது மாட்யூலை ஏற்றும்போது மட்டும் ஒருமுறை ஓடும். 'இந்த போனில் சார்ஜ் சுவிட்ச் ஃபைல் இருக்கிறதா?' என்று பார்த்து, இல்லையென்றால் காரணத்தைச் சொல்லி ஏற்றுவதையே நிறுத்திவிடலாம். நமக்கு மட்டும் செய்துகொள்வதென்றால் தேவையில்லை. நாலு பேருக்குக் கொடுப்பதென்றால் இது மரியாதை. அதேபோல 'அன்இன்ஸ்டால்' ஸ்கிரிப்ட், வீட்டைக் காலி செய்யும்போது ஓடுவது. நம் மாட்யூல் வேறு எங்காவது ஃபைல் எதையும் போட்டிருந்தால் அதைத் துடைத்துவிட்டுப் போக இது உதவும். குடியிருந்த வீட்டைப் பெருக்கிவிட்டுச் சாவி கொடுப்பது மாதிரி.

இதையெல்லாம் செய்யும் முன் முக்கியமான படி ஒன்று. மூட்டை கட்டுவதற்கு முன்பே, போனை கம்ப்யூட்டரில் இணைத்து, ரூட் திரையில் அந்த வரிகளை ஒவ்வொன்றாகக் கையால் தட்டிப் பார்க்க வேண்டும். சார்ஜர் குறி மறைகிறதா? மறுபடி வருகிறதா? கையால் ஓடாத ஸ்கிரிப்ட், ஜிப்புக்குள் போனதும் ஓடிவிடாது.

அப்படியும் போன் எழுந்திருக்காமல் கம்பெனி லோகோவிலேயே நின்றுவிட்டால்? பதற வேண்டாம். இங்கேதான் ஆணி அடிக்காததன் அருமை தெரியும். ஆண்ட்ராய்டின் சேஃப் மோடில் போனை எழுப்பினால் மேஜிஸ்க் எல்லா மாட்யூல்களையும் நிறுத்தி வைத்துவிடும். பிறகு சாதாரணமாக எழுப்பி, குற்றவாளியைக் கண்டுபிடித்து நீக்கிவிடலாம். முன்கூட்டியே யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து வைத்திருந்தால், கம்ப்யூட்டரிலிருந்து ஒரே கட்டளையில் எல்லா மாட்யூல்களையும் களையவும் வழி உண்டு. விவரம் தெரிந்தவர்கள் அந்த டீபக்கிங்கை முதல் நாளே ஆன் செய்துவிடுவார்கள்.

சொல்லப்போனால், சார்ஜைக் கட்டுப்படுத்த ஏசிசி என்ற பெயரில் ஒரு மாட்யூல் பல வருஷங்களாகவே இருக்கிறது. பல போன்களின் சுவிட்ச் பெயர்களைத் தெரிந்து வைத்திருக்கும், நம் ஏழெட்டு வரியைவிடப் பல மடங்கு பெரியது. அப்புறம் ஏன் சொந்தமாக எழுத வேண்டும்? ஏழெட்டு வரி என்றால் அத்தனையும் நமக்குப் புரியும். அதன் மதிப்பு அடுத்த பகுதியில் தெரியும்.

அந்நியர் தரும் பொட்டலம்

ஒரு காலத்தில் மேஜிஸ்க் ஆப்பிலேயே மாட்யூல் கடை இருந்தது. உள்ளேயே தேடி, உள்ளேயே இறக்கிக்கொள்ளலாம். 2021-ல் ஜான் வூ கூகுளின் ஆண்ட்ராய்டு பாதுகாப்புக் குழுவில் வேலைக்குச் சேர்ந்தார். திருடன் போலீஸானான் என்று சிலர் கிண்டலடித்தார்கள். பூட்டு எப்படித் திறக்கும் என்று தெரிந்தவரைத்தானே பூட்டுக் கம்பெனி வேலைக்கு எடுக்கும்! 2022 ஜனவரியில் வந்த 24-வது பதிப்பில், ரூட்டை மற்ற ஆப்களிடமிருந்து மறைக்கும் வசதி போய்விட்டது. கூடவே அந்தக் கடையும் மூடப்பட்டது.

மேஜிஸ்க் நிற்கவில்லை. கெர்னல்எஸ்யூ போன்ற புதியவையும் வந்து, பெரும்பாலும் இதே மாட்யூல் வடிவத்தையே ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் பொட்டலங்கள் இப்போது டெலிகிராம் குழுக்களிலும் யூடியூப் வீடியோக்களின் அடியிலும் சிதறிக் கிடக்கின்றன. 'கேம் வேகமாக ஓடும்', 'நெட் ஸ்பீடு பறக்கும்' என்று ஆசை காட்டும் ஜிப் ஃபைல்கள். பிளஸ் டூ படிக்கும் பையன் 'ரூட் பண்ணியிருக்கேன்ப்பா' என்றால், அப்பா கேட்கவேண்டிய அடுத்த கேள்வி: 'எந்த ஜிப்பெல்லாம் ஏத்தினே?'

ஏனென்றால் மாட்யூலுக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் ஓடுவது ரூட் அதிகாரத்தில். சாதாரண ஆப் என்றால் 'கேமரா வேண்டும், தொடர்புகள் வேண்டும்' என்று ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் அனுமதி கேட்கும். மாட்யூல் எதையும் கேட்காது. ஏற்றிய நிமிஷமே எல்லா அறைச் சாவியும் அதன் கையில். மெசேஜ்களைப் படிக்கலாம், ஓடிபி-யை எடுக்கலாம், போட்டோக்களை அள்ளலாம். அப்படிச் செய்தது என்று திரையில் ஒரு குறிகூட வராது.

ஒரே ஆறுதல், ஸ்கிரிப்ட் என்பது வாசிக்கக்கூடிய எழுத்து. ஜிப்பை ஏற்றாமல், போனின் ஃபைல் மேனேஜரிலேயே திறந்து உள்ளே எட்டிப்பார்க்கலாம். புரோகிராம் தெரியாதவர்களும் சில விஷயங்களைக் கண்டுபிடிக்கலாம். இணையத்திலிருந்து எதையோ இறக்கி உடனே ஓட்டும்படி ஒரு வரி இருக்கிறதா? அப்படியென்றால் உண்மையான சரக்கு ஜிப்பில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. அது நாளைக்கு மாறலாம். அர்த்தமே இல்லாத எழுத்துகள் பத்தி பத்தியாக நீள்கின்றனவா? எதையோ மறைக்கிறார்கள். ஸ்கிரிப்டுக்குப் பதிலாகத் திறந்து படிக்க முடியாத பைனரி ஃபைல் இருக்கிறதா? அதன் மூல நிரலை வெளியிட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்றுக்குச் சரியான பதில் இல்லையென்றாலும் அந்த ஜிப்பை ஏற்றாமல் இருப்பதே நல்லது. போன் பத்து சதவிகிதம் வேகமாக ஓடி ஆகவேண்டியது எதுவும் இல்லை.

அடுத்தது, அந்த ஓர் ஆணியின் கதை. மேஜிஸ்க் ஏற்ற வேண்டுமென்றால் முதலில் பூட்லோடர் என்ற வாசல் பூட்டைத் திறக்க வேண்டும். திறக்கும் கணத்திலேயே போனில் இருக்கும் அத்தனையும் அழிந்துவிடும். இது தண்டனை இல்லை. திருடியவன் பூட்டைத் திறந்து உள்ளே இருப்பதைப் படித்துவிடாமல் இருக்க செய்த ஏற்பாடு. ஆகவே பழைய போன்தானே என்று அலட்சியமாக இறங்கி, பேரனின் முதல் பிறந்தநாள் போட்டோக்கள் அதில்தான் இருந்தன என்று பிறகு அழக்கூடாது. சில கம்பெனிகள் பூட்டைத் திறக்கவே விடுவதில்லை. சாம்சங் போன்களில், அதிகாரபூர்வமற்ற மென்பொருளை ஏற்றினால் உள்ளே ஒரு மின் ஃபியூஸ் எரிந்துவிடும். பிறகு பழைய நிலைக்கு மாற்றினாலும் செக்யூர் ஃபோல்டர் போன்ற வசதிகள் திரும்ப வராது.

பூட்டு திறந்திருப்பதை போன் மறைக்காது. கூகுளிடம் 'பிளே இன்டெக்ரிட்டி' என்று ஒரு சோதனை இருக்கிறது. வங்கி ஆப் திறக்கும்போது, 'இந்த போன் கம்பெனி அனுப்பிய நிலையில்தான் இருக்கிறதா?' என்று அதன் மூலம் கேட்கலாம். இல்லை என்று பதில் வந்தால் பல வங்கி ஆப்களும் பணம் அனுப்பும் ஆப்களும் திறக்க மறுத்துவிடும். இதை ஏமாற்றுவதற்கென்றே மாட்யூல்கள் வருகின்றன, சில வாரம் ஓடுகின்றன, கூகுள் அடைக்கிறது, புதியது வருகிறது. இந்த எலி பூனை ஆட்டத்தில் பொழுதுபோக்கு இருக்கலாம். மளிகைக் கடையில் பில் போட்ட பிறகு ஸ்கேன் செய்ய நின்றால், ஆப் திறக்காமல் அடம் பிடிக்கும்போது அந்தப் பொழுதுபோக்கு இருக்காது. வங்கியின் பயத்திலும் நியாயம் உண்டு. ரூட் அதிகாரத்தில் என்ன ஓடுகிறதென்று அதற்குத் தெரியாது.

தினமும் கையில் வைத்திருக்கும் போனில் இந்த விளையாட்டே வேண்டாம். இதெல்லாம் டிராயர் போனுக்கு. சிம் கார்டு இல்லாத, வங்கி ஆப் இல்லாத, போட்டோக்களை எல்லாம் வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்ட போனுக்கு.

ரூட் இல்லாமல்?

இவ்வளவு தூரம் போக மனமில்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. டெர்மக்ஸ் என்ற இலவச ஆப். ஆண்ட்ராய்டுக்குள் ஒரு லினக்ஸ் கட்டளைத் திரையைத் தரும். பூட்டைத் திறக்க வேண்டாம், எதுவும் அழியாது, வங்கி ஆப்பும் முறைக்காது. எஃப்-டிராய்டு என்ற தளத்திலிருந்து டெர்மக்ஸையும், டெர்மக்ஸ் ஏபிஐ, டெர்மக்ஸ் பூட் என்ற அதன் இரண்டு துணை ஆப்களையும் இறக்க வேண்டும். மூன்றையும் ஒரே இடத்திலிருந்து இறக்குவது முக்கியம். ஒன்றை இங்கே, ஒன்றை அங்கே என்று இறக்கினால் கையெழுத்து ஒத்துப்போகாமல் ஒன்றோடொன்று பேசாது.

ஏபிஐ துணை ஆப்பை ஏற்றியதோடு, டெர்மக்ஸ் திரையிலும் அதே பெயரில் ஒரு தொகுப்பை நிறுவ வேண்டும். அப்புறம் பேட்டரி எத்தனை சதவிகிதம் என்று கேட்க ஒரு கட்டளை கிடைக்கும். எழுதிக் கொடுத்ததைக் குரலில் படிக்க இன்னொரு கட்டளை. பூட் துணை ஆப்பை ஒருமுறை திறந்து மூடிவிட்டால் போதும். பிறகு அதற்கென்று உள்ள ஃபோல்டரில் எந்த ஸ்கிரிப்டைப் போட்டாலும், போன் ஒவ்வொரு முறை எழும்போதும் அது தானாக ஓடும். சில கம்பெனி போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணி ஆப்களைக் கொன்றுவிடும். செட்டிங்கில் டெர்மக்ஸுக்கு மட்டும் விலக்கு கொடுத்துவிட வேண்டும்.

சாவி கையில் இல்லாததால் இந்த ஸ்கிரிப்டால் சார்ஜை நிறுத்த முடியாது. ஆனால் 80-ஐத் தொட்டதும் கூப்பிட்டுச் சொல்ல முடியும். தமிழ்க் குரல் போனில் ஏற்றப்பட்டிருந்தால், பூஜையறையிலிருந்து 'போதும், வயரைப் பிடுங்குங்க' என்று தமிழிலேயே கூப்பிடும். யாரும் பிடுங்காவிட்டால் ஒரு நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிடும்.